தெளிந்த நீலக் குவார்ட்ஸ் சுரங்கத்தில் கிடைக்குமா?

கேள்வி: பதக்கம் செய்ய 'சைபீரிய நீலக் குவார்ட்ஸ்' என்ற கல்லை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். அடர்ந்த நீலம், உள்ளே ஒரு தூசிகூட இல்லை. சுரங்கத்தில் எடுத்தது, மன அமைதி தரும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் சுரங்கத்துக் கல்லுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரில் விற்பது ஆய்வுக்கூடத்தில் கோபால்ட் என்ற உலோகம் சேர்த்து வளர்த்த குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். அதுவும் குவார்ட்ஸ்தான், கண்ணாடி அல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதே 7. மண்ணிலிருந்து வந்தது என்று சொல்வதுதான் பொய்.

இயற்கையில் குவார்ட்ஸின் நீலம் பெரும்பாலும் அதற்குள் சிக்கிய வேறு கனிமத்தால் வருவது. பிரேசில், மடகாஸ்கர் கற்கள் சிலவற்றில் அது டூமோர்டியரைட். யூஜின் டூமோர்டியே என்ற பிரெஞ்சு தொல்லுயிர் ஆய்வாளரின் பெயரை 1881-இல் அதற்கு வைத்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிடைக்கும் கல்லில் ரூட்டைல் என்ற கனிமத்தின் கண்ணுக்கே தெரியாத ஊசிகள். வானத்தை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல் அங்கேயும் நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வகைதான். இப்படி உள்ளே அடைந்திருப்பவைதான் நிறம் தருவதால், இயற்கை நீலக் குவார்ட்ஸ் பொதுவாகச் சாம்பல் கலந்து, புகை படிந்தாற்போல் மங்கலாக இருக்கும். அடர்நீலமும் முழுத் தெளிவும் சேர்ந்தே வந்தால் சந்தேகப்படுங்கள்.

கல் கைக்கு வந்ததும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மெல்லிய நீல நார்களோ திட்டுகளோ தெரிந்தால் டூமோர்டியரைட்டாக இருக்கலாம். நீலம் விரிசல்களில் மட்டும் கோடுகோடாகத் தேங்கியிருந்தால் சாயம். உருண்டைக் குமிழிகள் இருந்தால் கண்ணாடி. பொடிப்பொடியாக மினுங்கும் 'நீலப் பொற்கல்' கண்ணாடியேதான். 'அக்வா ஆரா' என்பது நிறமற்ற குவார்ட்ஸ் மேல் தங்க ஆவி படிய வைத்தது. நிறம் மேல்தோலோடு சரி, கீறினால் போச்சு. வளர்த்த கல்லோ சுத்தமாக இருக்கும், லென்ஸில் பிடிபடுவது கடினம். சந்தேகம் தீராவிட்டால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அப்புறம் மன அமைதி. படிகம் என்கிற நிறமற்ற குவார்ட்ஸைச் சுற்றிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கெட்டியாக உறைந்துபோன பனிக்கட்டி அது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்தார். கிரேக்கத்தில் படிகத்துக்கு வழங்கிய 'கிருஸ்டல்லோஸ்' என்ற சொல்லுக்கும் பனிக்கட்டி என்றே பொருள். நீலக்கல் தொண்டைச் சக்கரத்தைத் திறக்கும் என்பதும் நம்பிக்கைதான், கல்லில் அளந்து காட்டக்கூடிய குணம் அல்ல. பார்க்கும்போது மனசு லேசாகிறதா, சந்தோஷம். அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இயற்கையானது, சாயமோ பூச்சோ இல்லை என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" வாய்வார்த்தை போதாது. எழுதித் தரத் தயங்கினால், வளர்த்த கல்லின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறாதீர்கள்.