இன்சுலின், எடை, உணவு: நீரிழிவுள்ள பெண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 19 வயது, டைப் 1 நீரிழிவு. இன்சுலின் தொடங்கிய மூன்று மாதத்தில் ஏழு கிலோ கூடினேன். இப்போது சில இரவுகளில் ஊசியை விட்டுவிடுகிறேன், எடை இறங்குகிறது. இது தவறா?

பதில்: இது உயிருக்கே ஆபத்தானது. ஆனாலும் மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். பலர் இதை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. நோய் கண்டறியப்படும் முன்பு உங்கள் உடல் சர்க்கரையைச் சிறுநீரில் இழந்து, தசையையும் கொழுப்பையும் கரைத்துத்தான் மெலிந்தது. கூடிய எடையில் பெரும்பகுதி, அப்படி நோய் பறித்ததை உடல் மீட்டுக்கொண்டதே. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐ (மி.கி./டெ.லி.) தாண்டினால் சிறுநீரில் வெளியேறத் தொடங்கும், நீரும் உடன் போகும். எடை இயந்திரம் குறைத்துக் காட்டுவது இந்த இழப்பைத்தான். அமெரிக்காவில் 234 டைப் 1 பெண்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் மூன்று மடங்காக இருந்தது.

இன்றிரவு ஊசியைப் போடுங்கள்; இந்த வாரமே மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பல மாதம் உயர்ந்திருந்த சர்க்கரையை ஒரேயடியாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு சில காலம் கூடக்கூடும் என்பதால், அளவை அவர் படிப்படியாகத் திருத்துவார். தொடக்கத்தில் கால் வீங்கினால் அது பெரும்பாலும் நீர்தான். அதைக் கண்டு மீண்டும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, வாயில் பழவாடை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, டைப் 1. இட்லியை எண்ணித்தான் வைக்கிறேன். இப்போது அவள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள்.

பதில்: ஊசியின் அளவுக்காக மாவுச்சத்தைக் கணக்கிடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு குற்றப்பத்திரிகையாக மாறிவிடக் கூடாது. என் ஆலோசனை அறைக்கு வந்த ஒரு சிறுமி, மீட்டரில் 290 என்று வந்ததும் எண்ணைப் பார்க்கவில்லை, தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். “என்ன தின்றாய்?” என்பதற்குப் பதிலாக, “இதற்கு எவ்வளவு ஊசி போடலாம்?” என்று கேளுங்கள். வளரும் வயதில் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றும். எல்லாவற்றுக்கும் அவள் வாய் காரணமல்ல. “பூசினாற்போல் ஆகிவிட்டாள்” என்று உறவினர் சொன்னால், அவள் காதுபட அந்தப் பேச்சை நிறுத்துங்கள். 10 முதல் 12 வயதிலேயே உணவுப்பழக்கச் சிக்கலுக்கான பரிசோதனையைத் தொடங்கலாம் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: வயது 42, டைப் 2. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு மிக்சர் டப்பாவைக் காலி செய்துவிட்டு அழுகிறேன்.

பதில்: பகலில் பட்டினி கிடந்ததன் விளைவுதான் அது, அதை மனவலிமைக் குறைவு என்று நீங்களே தீர்ப்பளித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பருப்போ முட்டையோ சுண்டலோ ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் மாத்திரைகளும் உண்டு. நடுக்கத்தோடு பசித்தால் முதலில் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வது சிகிச்சை, அதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. இரவில் இப்படி அளவுமீறிச் சாப்பிடுவது வாரந்தோறும் நடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஊசி போடும் இடத்தில் வயிறு கட்டிகட்டியாக இருக்கிறது. புடவை கட்டவே கூச்சமாக உள்ளது.

பதில்: ஒரே இடத்தில் போடுவதால் வருவது. இடத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனையைப் பயன்படுத்தினால் சில மாதங்களில் பெரும்பாலும் அமுங்கும். நல்ல தோலில் மருந்து வேகமாகச் சேரும் என்பதால், அளவைக் குறைக்க வேண்டுமா என மருத்துவரிடம் கேட்ட பிறகு இடம் மாற்றுங்கள்.