பக்கம் போடுகிறவர்கள் சொல்லும் சொற்கள்: கேள்வி பதில்

வேலூரில் பல வருடமாக மலர், மாத இதழ் என்று பக்கம் போட்டு, அதாவது அச்சுக்குப் பக்கங்களை வடிவமைத்து வருகிறேன். வந்த கேள்விகளில் நான்குக்கு இப்போது பதில்.

காட்பாடி மாணவி: அண்ணா, கல்லூரி மலருக்கு 'ப்ளீட் விட்டு அனுப்புங்க' என்று பிரஸ்ஸில் சொன்னார்கள். மார்ஜின்தானே அது?

இல்லைம்மா, நேர் எதிர். மார்ஜின் பக்கத்துக்கு உள்ளே விடுகிற வெள்ளை இடம், ப்ளீட் என்பது வெட்டுகிற கோட்டைத் தாண்டிப் படத்தை வெளியே நீட்டி விடுவது. நான்கு பக்கமும் 3 மி.மீ. போதும். அது விடாவிட்டால், தாள் அடுக்கு கட்டிங்கில் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். நான் போட்ட முதல் அட்டையிலேயே அப்படி விழுந்தது, அத்தனை பிரதியிலும்.

குடியாத்தம் வாசகர்: சிரசுத் திருவிழா மலர் போடுகிறோம். எழுத்தெல்லாம் அடுத்த வரியில் முட்டுகிறதே?

லீடிங், அதாவது வரிக்கு வரி விடுகிற இடைவெளி, பத்தவில்லை. பேசும்போது 'லெடிங்' என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சுக் கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டை செருகினார்கள், ஈயத்தின் ஆங்கிலப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. இதை அளப்பது பாயிண்டில், 72 பாயிண்ட் ஓர் அங்குலம். பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் ஆட்டோ என்று விட்டால் எழுத்தின் அளவில் 120 சதவீதம், அதாவது 10 பாயிண்டுக்கு 12. ஆங்கிலத்துக்கு அது சரி. நமக்கோ 'கீ' மேலே சுழிக்கும், 'நூ' கீழே இறங்கும், இரண்டும் மேலும் கீழுமாக வந்தால் மோதத்தான் செய்யும். நான் 14-க்குக் குறைய விடமாட்டேன், வயதானவர்கள் படிக்கிற கோயில் மலர் என்றால் எழுத்தையே 12 ஆக்கி 17 கொடுப்பேன். பக்கம் கூடும், கூடட்டும். படிக்க முடியாத மலரை யாருக்காக அடிக்கிறோம்?

ஆம்பூர் தம்பி: மாஸ்ட்ஹெட், பைலைன், டேட்லைன் குழப்புகிறது.

முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும் பத்திரிகைப் பெயர் மாஸ்ட்ஹெட். அமெரிக்கர்கள் அதை நேம்பிளேட் என்பார்கள், அவர்களுக்கு மாஸ்ட்ஹெட் என்றால் ஆசிரியர் குழு விவரம் போடும் கட்டம். எழுதியவர் பெயர் பைலைன். 'வேலூர், மே 15' என்று செய்தி தொடங்குகிறதே, அது டேட்லைன்.

ராணிப்பேட்டை வாசகர்: சார், சங்க இதழ் 18 பக்கம் வந்திருக்கிறது. நடுவில் பின் அடிக்க முடியாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான் சார். ஒரு தாளை மடித்தால் 4 பக்கம், அதனால் 16 அல்லது 20தான். 20 ஆக்குங்கள். கூடுகிற இடத்தை நிரப்ப, கட்டுரையிலிருந்து நல்ல வரி ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் நடுவில் போடலாம், புல் கோட் என்பார்கள். ஆனால் அந்த வரி கட்டுரையில் இருக்கிறபடியே இருக்கட்டும், அழகுக்காக மாற்றிவிடாதீர்கள்.