கியூவில் போகும் சோப் செய்தி: கேள்வி பதில்

சோப் என்ற எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய வெப் சர்வீஸ் கோரிக்கைகளை ஐபிஎம் எம்கியூ (நிரல்களுக்கிடையே செய்திகளைக் கியூவில் வைத்துக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்), ஜேஎம்எஸ் (ஜாவா நிரல்கள் செய்தி அனுப்பும் இடைமுகம்) வழியாக அனுப்பும்போது வரும் வடிவக் கோளாறுகளைக் கேளுங்கள். மற்றவை என் துறையில்லை.

அனுப்பானடி: அண்ணே, பார்சல் புக்கிங்கில் ‘மீனாட்சி’ என்று அனுப்பினால் எதிர்முனையில் கேள்விக்குறியாக விழுகிறது. எக்ஸ்எம்எல்லின் முதல் வரியில் யூடிஎஃப்-8 என்றுதான் போட்டிருக்கிறோம்.

அந்த வரி வெறும் அறிவிப்புதான் தம்பி. எழுத்துகள் எந்த முறையில் இருக்கின்றன என்று எம்கியூ நம்புவது செய்தியின் சிசிஎஸ்ஐடி எண்ணை, அதாவது எழுத்துமுறையைக் குறிக்கும் எண்ணை. 1208 என்றால் யூடிஎஃப்-8. 819 என்றால் ஐஎஸ்ஓ 8859-1, அதில் தமிழுக்கு இடமே கிடையாது. கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். ‘மீனாட்சி’ யூனிகோடில் 8 குறிகள், யூடிஎஃப்-8இல் 24 பைட். 8 கேள்விக்குறி இருந்தால் வழியிலேயே எழுத்து அழிந்துவிட்டது; வாங்கும் பக்கம் என்ன செய்தாலும் திரும்பாது. தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகக் குவிந்திருந்தால் பைட் பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தப்பு. நிரலில் கை வைக்கும் முன்னால் பைட்டைப் பாருங்கள்.

மேலூர்: சோப் உறைக்கு (செய்தியின் வெளிக்கூடு) முன்னால் ஆர்எஃப்எச்2 என்று ஏதோ குப்பை வருகிறது. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சர் நின்றுவிடுகிறது.

குப்பையில்லை, ஜேஎம்எஸ் பண்புகளைச் சுமக்கும் தலைப்பு அது. எடுக்கும் நிரல் ஜேஎம்எஸ் இல்லையென்றால் அனுப்பும் பக்கம் டெஸ்டினேஷனில் டார்கெட்கிளையன்ட் 1 என்று வையுங்கள், தலைப்பு இல்லாமல் போகும். ஆனால் சோப்ஆக்‌ஷன் போன்ற பண்புகளும் அதோடு போய்விடும். எந்த ஆபரேஷன் என்பதை உடலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வில்லாபுரம்: வெர்ஷன்மிஸ்மேட்ச் என்று பிழை.

ஒரு பக்கம் சோப் 1.1, மறுபக்கம் 1.2. உறையின் நேம்ஸ்பேஸைப் பாரும்மா, எந்தப் பதிப்பு என்று அதுதான் சொல்லும்.

திருமங்கலம்: சோப் செய்தியை எப்போதும் பைட்ஸ்மெசேஜாக, அதாவது வெறும் பைட்டாகவே அனுப்பச் சொல்கிறீர்கள். டெக்ஸ்ட்மெசேஜ், அதாவது உரையாக அனுப்பினால் கியூவைத் திறந்து அப்படியே படிக்கலாமே? 2012இல் வந்த டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரை இரண்டையும் அனுமதிக்கிறது.

அனுமதிக்கிறது, சரி. டெக்ஸ்ட் என்றால் வழியில் எழுத்துமுறையை மாற்ற எம்கியூவுக்கு உரிமை கொடுக்கிறீர்கள். மெயின்ஃபிரேமுக்குப் போனால் உள்ளடக்கம் எப்சிடிக் (மெயின்ஃபிரேமின் எழுத்துமுறை) ஆகும், முதல் வரி மட்டும் யூடிஎஃப்-8 என்றே நிற்கும். பைட்டாக வாங்கிப் பார்சரிடம் கொடுத்தால் அங்கேயே உடையும். எம்டிஓஎம் முறையில் கோப்பைப் பைனரியாகவே இணைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், பைட்ஸ்தான்.

திருமங்கலம்: எங்களிடம் இரண்டு முனையும் ஜாவா. ஒரு தகராறும் வந்ததில்லை.

இரண்டும் ஜாவாவாக இருக்கும்வரை வராது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதாக ஒருவர் அதே கியூவில் சேரும்போது அவருக்கு இந்தக் கதை தெரியாது. படிக்க வசதி வேண்டுமென்றால் பைட்டை உரையாகக் காட்டும் கருவியை வையுங்கள். கருவிக்காகச் செய்தியின் வடிவை மாற்றாதீர்கள்.

மேலூர்: திருமங்கலம் சொல்வதுதான் எனக்கும் வசதியாகப் படுகிறது.

உங்கள் கியூவில் ஜாவா இல்லாத நிரல் இருப்பதாக இப்போதுதானே சொன்னீர்கள்? உங்களுக்குப் பைட்ஸ்தான்.

திருநகர்: எங்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன.

அனுப்பானடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வடபழஞ்சி: காஃப்கா என்ற வேறொரு செய்தி மென்பொருளில் இதே பிரச்சினை.

காஃப்கா தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஆரப்பாளையம்: செய்தியை எடுக்கும்போது எம்கியூவிலிருந்து 2110 என்ற பிழை எண் வருகிறது. நிரலைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம்.

நிரலை விடுங்கள். எழுத்துமுறையை மாற்றித் தரச்சொல்லி எடுக்கிறீர்கள், செய்தியின் ஃபார்மட் புலமோ காலியாக இருக்கும். உரை என்றால் அதில் எம்கியூஎஸ்டிஆர் இருக்க வேண்டும். பைட்ஸ் என்றால் மாற்றவே கேட்காதீர்கள்.