ராஃபிள் டிக்கெட்டும் பள்ளிக்கூடத்துக் கூரையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் லாஸ் வேகாஸில் வசிக்கிறேன். நெவாடாவின் பழைய தங்கச் சுரங்க ஊரான கோல்ட்ஃபீல்டில் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் விழாவுக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தங்கம் கிடைத்த காலத்தில் 20,000 பேர் இருந்த ஊராம். இன்று இருநூற்றுச் சொச்சம் பேர். மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களுக்காகப் பணம் திரட்டுகிறார்கள். ராஃபிள் என்னும் குலுக்கல் பரிசு டிக்கெட்டும் டி-ஷர்ட்டும் விற்று 1907-ஆம் வருடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை விழாமல் வைத்துக்கொள்ள முடியுமா? 300 டாலர் எடுத்துவைத்திருக்கிறேன். எப்படிக் கொடுத்தால் உண்மையில் உதவும்? போன இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முடியும். அந்தச் சில்லறைப் பணம் கட்டடத்தில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டு போனீர்களானால், நீங்கள் பார்க்கும் ஊரே வேறாக இருக்கும்.

ஆளில்லாத செங்கல் கட்டடம் மேலிருந்து கீழாகத்தான் சாகும். முதலில் கூரையில் ஒரு தகடு பெயரும். பாலைவனத்தில் மழை ஏது என்று தோன்றலாம். கோல்ட்ஃபீல்டு கிட்டத்தட்ட 5,700 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி விழும், கோடையின் பின்பாதியில் இடிமழை கொட்டும். 1913-இல் அப்படி வந்த வெள்ளம் ஊரின் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போனது. கூரை ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் சுவரோடு வழிந்து உத்தரங்களின் முனைக்குப் போய்ச் சேரும். சுவருக்குள் சொருகியிருக்கும் அந்த நாலைந்து அங்குலம் வெளியே தெரியாமலே மக்கும். உத்தரம் இறங்கினால் தளம் இறங்கும். சுவர் தளத்தைத் தாங்குகிறது என்பது நமக்குத் தெரியும். தளமும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிடி போன சுவர் ஒரு பலத்த காற்றுக்கே வெளிப்பக்கம் சாயும். நில அதிர்வும் அங்கே அரிதல்ல. 2020 மே மாதம் பக்கத்து ஊரான டோனோபாவுக்கு மேற்கே 6.5 அளவில் ஒன்று வந்தது.

வேலையின் வரிசையும் இதை ஒட்டியதுதான். முதலில் கூரையை மூட வேண்டும். பிறகு உள்ளே முட்டுக் கொடுத்து, சுவரையும் தளத்தையும் இரும்புக் கம்பியால் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கம்பியின் முனையில் மாட்டிய இரும்புத் தகடு சுவருக்கு வெளியே நட்சத்திரமாகவோ வட்டமாகவோ தெரியும். அதன் பிறகு ஜன்னல்களை அடைப்பது. ப்ளைவுட்டை ஜன்னல் சட்டத்திலேயே ஆணியடித்து அறைந்தால் நூறு வருட மரச்சட்டம் பிளந்துவிடும். பலகையை வெளியே வைத்து, உள்ளே குறுக்காக இரண்டு கட்டைகளைக் கொடுத்து, நீண்ட போல்ட்டால் இரண்டையும் இறுக்கினால் சட்டத்தில் ஒரு துளைகூட விழாது. காற்றுக்கு வழி விடாமல் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கி, கூரையில் செய்த வேலையெல்லாம் வீணாகும். செங்கல் சந்துகளுக்குச் சாந்து அடைப்பது இவ்வளவுக்கும் பின்னால்தான் வரும்.

நல்ல மனதோடு செய்கிறவர்களாலேயே அதிகம் கெடுவது இந்தச் சாந்து வேலைதான். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. அதற்கு ஏற்றது சுண்ணாம்புச் சாந்து. சந்தில் இருப்பது செங்கல்லைவிட மென்மையானதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் சந்து வழியே வெளியேறும், சுவர் அசைந்தால் விரிசலும் சந்தோடு நிற்கும். அவசரத்துக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு அதன் முகத்துக்குப் பின்னால் படியும். குளிர்கால இரவில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பொருக்கு பொருக்காக உதிரும். சந்து மட்டும் கெட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எந்தப் பழைய சுவரிலும் இதை விரலால் தொட்டே அறியலாம்.

முறையாகச் செய்வதென்றால், 10 மில்லிமீட்டர் அகலச் சந்தை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம்வரை உளியால் சுரண்ட வேண்டும். செங்குத்துச் சந்தில் கிரைண்டர் ஓட்டினால் மேலும் கீழும் உள்ள செங்கல் வெட்டுப்படும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். அடைக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். அடைத்த பிறகு ஈரச்சாக்கு போட்டுச் சில நாள் காக்க வேண்டும், ஏனென்றால் பாலைவனக் காற்று சாந்து இறுகுவதற்குள் அதை உலர்த்திவிடும். உலர்ந்தது மாவாக உதிரும். ஒரு சதுர மீட்டர் சுவரில் ஏறத்தாழ 19 மீட்டர் நீளச் சந்து இருக்கும். அதற்குச் சேதாரம் நீங்கலாக 5 லிட்டர் சாந்து போதும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரச் சுவர் முழுவதற்கும் ஒரு கனமீட்டர்தான். பொருள் மலிவு, செலவெல்லாம் சாரத்துக்கும், சுரண்டத் தெரிந்த கைக்கும்.

இப்போது உங்கள் பணம். பழைய கட்டடங்களுக்கான அரசு மானியங்கள் பலவற்றில் உள்ளூர்ப் பங்கு கேட்பார்கள். மத்திய அரசின் 'சேவ் அமெரிக்காஸ் ட்ரெஷர்ஸ்' மானியத்தில் ஒரு டாலருக்கு ஒரு டாலர் காட்ட வேண்டும். அந்தப் பங்குக்குக் கணக்காகும் ஒவ்வொரு ராஃபிள் டாலரும் இரண்டாகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மானியப் பணம் பெரும்பாலும் வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகே கைக்கு வரும். அதுவரை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே கட்டடப் பொறியாளரின் அறிக்கையும் வரைபடமும் வேண்டும். காப்பீடு வருடாவருடம் கட்ட வேண்டும். பெயர்ப்பலகை வைக்கக் கொடையாளர்கள் கிடைப்பார்கள், காப்பீட்டுத் தவணைக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

ஆகவே 200 டாலரைக் காசோலையாக, பள்ளிக்கூடத்தைக் காக்க உழைக்கும் கோல்ட்ஃபீல்டு வரலாற்றுக் கழகத்தின் பெயருக்கு எழுதுங்கள். 'இந்த வேலைக்கு மட்டும்' என்று கட்டுப்போடாமல் பொதுச் செலவுக்கென்று கொடுங்கள். அவசரமாக ஒரு கூரைத் தகடு வாங்க உதவுவது அந்தப் பணம்தான். உங்கள் நிறுவனம் ஊழியர் நன்கொடைக்கு ஈடாகத் தானும் கொடுக்குமா என்று விசாரியுங்கள். மீதி 100-ஐ ராஃபிளுக்கும் சாப்பாட்டுக்கும் அங்கேயே செலவழியுங்கள். ராஃபிள் டிக்கெட்டுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. ஏலத்தில் எடுத்த பொருளுக்கு, அதன் சந்தை விலைக்கு மேல் கொடுத்த தொகைக்கு மட்டுமே உண்டு.

பார்க்க வேண்டியவற்றில் நீதிமன்றம் முதலாவது. 1907-இல் கட்டியது, இன்றும் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகமாக இயங்குகிறது. நீதிமன்ற அறையில் டிஃபனி என்னும் வண்ணக் கண்ணாடி விளக்குகள் அப்படியே இருக்கின்றன. அலுவலக நாட்களில்தான் திறந்திருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை பகலிலேயே போய்விடுங்கள். 1923-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தெருக்கட்டங்களைத் தின்ற தீயில் தப்பிய கட்டடம் அது. ஒரு கட்டடத்தில் தினம் கதவு திறந்து மூடுகிறது என்றால் ஒழுகுவதை அன்றே ஒருவர் பார்த்துவிடுவார். அந்த வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்று பாருங்கள். கைப்பிடிச் சுவர், கூரை விளிம்புக்குக் கீழே உள்ள நீர்க்கறை, சந்துகளின் நிறம் என்று கண்ணை மேலிருந்து இறக்குங்கள். நான்கு மாடி கோல்ட்ஃபீல்டு ஹோட்டல் தொலைக்காட்சிப் பேய் நிகழ்ச்சிகளால் பிரபலமானது. அது தனியார் சொத்து, வெளியே நின்று பார்த்தால் போதும்.

போகும் வழியில் பீட்டி என்ற ஊரிலிருந்து நான்கு மைல் விலகி ரயோலைட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அதே தங்க வேட்டையில் பிறந்த ஊர். இன்று ஒருவரும் இல்லை. 1908-இல் எழுந்த மூன்று மாடி குக் வங்கியில் இப்போது கூரையும் இல்லை, தளங்களும் இல்லை. ஓட்டைச் சுவர்கள் வழியே வானம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் கோல்ட்ஃபீல்டில் அந்த இருநூறு பேர் செய்வது என்னவென்று அப்பா அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்காது.

ஊருக்கு வெளியே தரையெல்லாம் பழைய சுரங்கக் குழிகள். மேலே மூடிய பலகை மக்கியிருக்கும், ஆகவே பாதையை விட்டு இறங்க வேண்டாம். கீழே கிடக்கும் ஊதா நிறக் கண்ணாடித்துண்டு கண்ணை இழுக்கும். அந்தக் காலக் கண்ணாடியில் கலந்த மாங்கனீசு வெயில் பட்டு அப்படி ஆகிறது. எடுக்காதீர்கள். மடக்கு நாற்காலி இரண்டு, தலைக்குத் தொப்பி, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். உயரத்தில் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்காரவையுங்கள். இரவு தங்க டோனோபா, 27 மைல் வடக்கே. பிற்பகலில் மேகம் திரண்டால் மண்சாலைகளை விட்டு யூ.எஸ். 95 நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள். பீட்டியில் டேங்கை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்