பதின்ம வயதுப் பிள்ளையின் தூக்கத்துக்கும் வீட்டுச் சண்டைக்கும் என்ன தொடர்பு?

தூக்க நேரம் தள்ளிப்போதல் என்பது, பருவமடையும் வயதுப் பிள்ளைகளுக்கு, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் முன்பைவிட ஓரிரு மணி நேரம் தாமதமாகச் சுரப்பதால், பத்து மணிக்குப் படுத்தாலும் கண் அயராத நிலையாகும். பள்ளி மணியோ தள்ளிப்போவதில்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தேவைப்படும் தூக்கம் அதனால் குறைகிறது. சினத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி, இன்னும் முதிராத நிலையில், களைப்பால் மேலும் தளர்கிறது. காலை எரிச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பலரும் கவனிக்கத் தவறுவது அதைத்தான் என்று கருதுகிறேன். அடுப்பிலிருந்து இறக்கியவுடனேயே கொதித்த பால் ஆறிவிடுவதில்லை. அதுபோல, பெற்றோர் பிள்ளையுடனோ தமக்குள்ளோ இட்ட சண்டை ஓய்ந்து விளக்கை அணைத்த பின்னும், பிள்ளையின் நெஞ்சுப் படபடப்பு எளிதில் தணிவதில்லை. அன்றிரவு குறைந்த தூக்கம் மறுநாள் இன்னொரு சண்டைக்கு வித்திடுகிறது. ஆகவே மதிப்பெண், கைபேசி பற்றிய கண்டிப்பான பேச்சை மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

தாமதமாக எழுவதைச் சோம்பல் என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது உடலின் மாற்றம் என்பதை ஏற்றே, கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன் தொடங்கக் கூடாதென்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.