மீதி 75 பேர் எப்படிச் சேர்ந்தார்கள்?

(கடிதம் எழுதியவரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் அவர் கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டேன். கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.)

அன்புள்ள அக்கா,

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் இருக்கிறேன், ஓஎம்ஆரில் ஐடி வேலை. பையன் எல்கேஜி. பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற தனியார் பள்ளி. அடுத்த வருட ஃபீஸ் ஏறுகிறது என்று சர்குலர் வந்த நாளிலிருந்து எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. "ஆர்டிஇ பிள்ளைகளுக்கும் சேர்த்து நாமதானே கட்டுறோம்" என்று ஒருவர் போட்டார். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) குலுக்கலில் இலவச இடம் கிடைத்த பிள்ளைகளைத்தான் சொல்கிறார். பாதிப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள், நானும்தான். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் அப்பா செய்யாறு பக்கம் விவசாயி. நான் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து, மெரிட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவன். எனக்கு யாரும் எதையும் குலுக்கலில் தரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திறமை பார்த்துக் கொடுக்கலாமே? சீட்டுக் குலுக்குவது என்ன நியாயம்? வசதியான பிள்ளைகள் நடுவில் உட்காருவது அந்தக் குழந்தைகளுக்கே கஷ்டம் இல்லையா?

கடைசியாக ஒன்று. என் பையனுக்கு ரொம்பப் பிடித்த நண்பன் ஒரு ஆர்டிஇ பையன். அடுத்த மாதம் என் பையனுக்குப் பிறந்தநாள், ஒரு மாலில் வைக்கலாம் என்று இருக்கிறோம். அவனைக் கூப்பிட்டால் அவன் அம்மாவுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று என் மனைவி தயங்குகிறாள். தப்பாக நினைக்காமல் பதில் எழுதுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. குரூப்பில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, அது உறுத்தி, உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குரூப்பில் இன்னும் பத்துப் பேருக்காவது அதே உறுத்தல் இருக்கும், அவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"திறமை பார்த்து" என்கிறீர்கள் அல்லவா, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தத் திறமையை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2009 ஜனவரி. அப்போது மேற்கு மாம்பலத்தில் இருந்தோம், என் மகளுக்கு மூன்றரை வயது. அப்ளிகேஷன் வாங்க என் கணவர் ராத்திரி இரண்டு மணிக்கே போய், பள்ளி கேட் முன்னால் பேப்பர் விரித்து உட்கார்ந்தார். அவருக்கு முன்னாலேயே வரிசை தெரு திரும்பியிருந்தது. அந்த அப்ளிகேஷனில் பிள்ளையைப் பற்றி அரைப் பக்கம், எங்களைப் பற்றி இரண்டு பக்கம். அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா என்ன படித்திருக்கிறார், எந்தக் கம்பெனி, மாதச் சம்பளம் எவ்வளவு, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்.

இன்டர்வியூ அன்று எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ ஓட்டுநரும் அவர் மனைவியும் பையனும். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரிந்தது. டீச்சர் படம் காட்டக் காட்ட அந்தப் பையன் டக் டக்கென்று சொன்னான், யானை, குடை, பஸ், முதலில் தமிழில், உடனே இங்கிலீஷில். நிறம் கேட்டார்கள், சொன்னான். யாரும் கேட்காமலே ஒரு ரைம்ஸ் வேறு பாடினான். அப்புறம் டீச்சர் அப்பா பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவர் தமிழில் பதில் சொன்னார். மறுபடியும் இங்கிலீஷில் கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார்.

அடுத்தது நாங்கள். என் மகள் நேராகப் போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி வரை வெளியே வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் சிரித்தபடி "பரவாயில்லை, கூச்சம்" என்று சொல்லிவிட்டு, நான் எம்.ஏ. எந்தக் காலேஜில் படித்தேன் என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து லிஸ்ட் ஒட்டினார்கள். என் மகள் பெயர் இருந்தது. அந்த ஆட்டோக்காரரும் வந்திருந்தார். வரி வரியாக விரல் வைத்து மேலிருந்து கீழே தேடினார், முடிந்ததும் மறுபடியும் மேலே போய்த் தேடினார். நான் அவரிடம் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த விரல் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு அங்கே திறமை காட்டிய குழந்தை அவன்தான், தம்பி. இடம் கிடைத்தது என் எம்.ஏ.வுக்கு.

மூன்றரை வயதில் திறமை என்று எதை அளப்பீர்கள்? வீட்டில் படப் புத்தகம் இருந்ததா, பேச்சுக் கொடுக்க ஆள் இருந்ததா, அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் வருமா, இதைத்தான் அளக்க முடியும். நீங்கள் மெரிட்டில் போனீர்கள், சரி, ஆனால் அது பன்னிரண்டு வருடம் படித்து முடித்து, பதினேழு வயதில். அந்தப் பன்னிரண்டு வருடமும் உங்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளி, உங்கள் அப்பா என்ன படித்தார் என்று கேட்கவில்லை. கட்டணம் வாங்காத பள்ளி, விலையில்லாப் பாடநூல், மதியச் சாப்பாடு என்று ஊர்ப் பணம்தான் உங்களைத் தூக்கிக் கொண்டுவந்து அந்த மெரிட் லிஸ்டின் வாசலில் விட்டது. இந்த ஊரில் இது பழைய பழக்கம். ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது 1920-இல், மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் காலத்தில். எந்தப் பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று பார்த்தா சோறு போட்டார்கள்?

அதனால்தான் குலுக்கலை நான் நியாயம் என்கிறேன். சீட்டுக்கு உங்கள் சம்பளம் தெரியாது, சாதி தெரியாது, யார் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார் என்று தெரியாது. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவின் மகளுக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. எழுத்து வேலை இருந்தால் அவர் என்னைக் கூப்பிடுவார், குலுக்கல் அன்றும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி ஹாலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மடித்த சீட்டுகள், ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார்கள். கிடைக்காதவர்கள் அழுதார்கள், ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோர் கண் முன்னாலும் நடந்தது அது. நான் போன இன்டர்வியூவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைப் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறோம். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 12(1)(சி) பிரிவு என்றால் எல்லோருக்கும் தெரியும், தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. அடுத்த பிரிவு, 13, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நன்கொடை வாங்கக் கூடாது, பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துப் பொறுக்கக் கூடாது என்கிறது அது. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் 10 மடங்கு வரை அபராதம். பொறுக்கினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. இது 25-க்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை, மீதி 75-க்கும் சேர்த்துத்தான். 2010 நவம்பரில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில், அந்த 75-க்குப் பள்ளி தன் நோக்கத்துக்கு ஏற்றபடி பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அதற்குள் குலுக்க வேண்டும், பெற்றோரின் படிப்பை வைத்துப் பிள்ளையை எடைபோடவே கூடாது என்று இருக்கிறது.

உங்கள் பையன் சேர்ந்தபோது எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஊர் முழுக்க நமக்குத் தெரியும், 'பேரன்ட் இன்டராக்‌ஷன்' என்று பெயர் மாற்றி அதே இன்டர்வியூ, 'டெவலப்மென்ட் ஃபண்ட்' என்று பெயர் மாற்றி அதே டொனேஷன், அக்கா அண்ணன் படித்தால் இடம், அப்பா தாத்தா படித்தால் இடம். அக்கா படிக்கும் பள்ளியில் தம்பி படிப்பது புரிகிறது, இரண்டு பிள்ளைகளை இரண்டு திசையில் யார் கொண்டுபோய் விடுவது. தாத்தா படித்த பள்ளி என்பது வேறு. தாத்தா காலத்தில் அந்த வாசலை யார் மிதிக்க முடிந்தது என்று மயிலாப்பூரில் வளர்ந்தவளுக்குத் தெரியும். அந்தக் காலத்து சாதிக் கணக்கு, 'பழைய மாணவர் முன்னுரிமை' என்ற பெயரில் இன்றைக்கும் எல்கேஜி லிஸ்டில் வந்து உட்காருகிறது. வெட்ட வெளிச்சத்தில் குலுக்கி எடுத்த 25 பேரைப் பார்த்து இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கிறோம். மீதி 75 பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்பதே இல்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஃபீஸ் விஷயம். உங்கள் குரூப் நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறைக்கமாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும், அதுவும் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கு அது கட்டாது. நேரத்துக்கும் வராது. 2025-இல் என்ன நடந்தது என்று பார்த்தீர்கள், பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு கல்விப் பணத்தை நிறுத்தி வைத்தது, அது இல்லாமல் முடியாது என்று மாநில அரசு சொன்னது, ஏப்ரல், மே மாதத்தில் நடக்க வேண்டிய ஆர்டிஇ சேர்க்கை அக்டோபருக்குப் போனது. பள்ளி திறந்து நான்கு மாதம்! இந்தத் திட்டத்தையே நம்பியிருந்த எத்தனை அம்மாக்கள் அதற்குள் வேறு பள்ளி தேடிப் போயிருப்பார்கள். இரண்டு அரசுகள் மேலும் கோபப்படுங்கள், நியாயம். உங்கள் பள்ளி வரவு செலவைக் காட்டட்டும் என்று கேளுங்கள், ஃபீஸ் நிர்ணயக் குழு இருக்கிறது, அங்கே போங்கள். நாலு வயதுப் பிள்ளை மேல் அந்தக் கோபத்தைக் காட்டாதீர்கள்.

அப்புறம், இலவசம் என்று சொன்னாலும் அவர்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த இஸ்திரி அம்மாவிடம் சேர்ந்த மாதமே புத்தகத்துக்கு, யூனிஃபார்முக்கு, ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று கேட்டார்கள். காதுத் தோட்டைக் கழற்றிச் சேட்டுக் கடையில் வைத்தார். சீருடை, புத்தகச் செலவையும் அரசுதான் ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது, அந்தத் தோடு அதற்கு முன்னாலேயே மூழ்கிப் போயிருந்தது. அவருக்கு இப்போது வேறு கவலை. இந்தச் சட்டம் 8-ஆம் வகுப்போடு கையை விட்டுவிடும், ஒன்பதாவதில் முழு ஃபீஸ் கட்டு அல்லது வெளியே போ. மகள் இப்போது ஆறாவது. "இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்குமா" என்று பெட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சென்னையின் பழைய பெரிய பள்ளிகளில் பல அந்தப் பட்டியலில் வரும். என்னை அதைவிட வருத்துவது ஒரு கிலோமீட்டர் கணக்கு. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடும்பங்களை அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போட்ட பிறகு, நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய பள்ளிகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் யார் மிச்சம்? வீட்டை இடித்தபோது அந்தப் பிள்ளைகளின் பள்ளி இடத்தையும் சேர்த்தே இடித்தோம்.

இதெல்லாம் எதற்கு, அந்தப் பணத்தில் அரசுப் பள்ளியை நன்றாக்கினால் போதாதா என்று நிறையப் பேர் எனக்கு எழுதுவார்கள். ஆக்க வேண்டும், சந்தேகமே இல்லை. பக்கத்துப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே சொன்னது. அது நடந்திருந்தால் நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

கலந்து படித்தால் கஷ்டமா என்ற கேள்வி. டெல்லியில் 2007 வாக்கில் பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆனபோது, கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அந்தப் பள்ளிகளில் போய் ஆராய்ந்தார், 2019-இல் கட்டுரை வந்தது. வசதியான பிள்ளைகளின் மதிப்பெண் மொத்தத்தில் பெரிதாக மாறவில்லை, இங்கிலீஷில் மட்டும் லேசான சரிவு. ஆனால் ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்கள் கை தாராளமாக இருந்தது, ஓட்டப் பந்தயத்துக்கு அணி சேர்க்கச் சொன்னால் பணக்காரப் பையனா ஏழைப் பையனா என்று பார்க்காமல் வேகமாக ஓடுகிறவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட திறமை பார்ப்பது இதுதான். உங்கள் பையன் தன் நண்பனை ஏற்கெனவே அப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். அந்தக் குழந்தைகளுக்குக் கஷ்டம் வருவது உண்மை, பெரும்பாலும் பெரியவர்களால் வருகிறது, சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொல்லும்போது வருகிறது.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இரண்டே கேள்வி கேளுங்கள். மீதி 75 இடத்தை எந்த விதிப்படி நிரப்புகிறீர்கள், அதை ஏன் வாசலில் ஒட்டக் கூடாது? சுற்றுலா, ஆண்டு விழாவுக்கெல்லாம் ஆர்டிஇ பிள்ளைகளிடம் என்ன வாங்குகிறீர்கள்? கட்டைவிரல் தூக்கியதற்கு இது சரியாகப் போகும்.

பிறந்தநாளுக்கு அவனைக் கட்டாயம் கூப்பிடுங்கள். மால் வேண்டாம், வீட்டிலேயே வையுங்கள், மொட்டை மாடி இருந்தால் இன்னும் நல்லது. பரிசு எதுவும் வேண்டாம் என்று எல்லோருக்கும் போகும் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள், அந்தப் பையனின் அம்மாவுக்கு மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி அந்த அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பாமல் போன் செய்து பேசட்டும், எந்த நேரம் தோதுப்படும் என்று முதலில் அவரைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு நேரம் சொல்லட்டும். வேலைக்குப் போகிறவராக இருந்தால் அநேகமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் சரிப்படும்.

அன்புடன்,
அக்கா