வழக்கில் தோற்றவர் வாங்கித் தந்த உரிமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைதும் காவலும் பற்றியவை. அதனால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் தம்பியைக் குண்டர் சட்டத்தில் சிறையில் வைத்திருக்கிறார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம் என்கிறார்கள். சுதந்திர நாட்டில் இது எப்படிச் சரியாகும்? – தென்காசி மாவட்ட வாசகர்

இதே கேள்வியை 1950-இல் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவரான அவர் அப்போது சென்னை மாநிலச் சிறையில் இருந்தார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தடுப்புக் காவல் சட்டம் ஒன்று, அதாவது இனி குற்றம் செய்யக்கூடும் என்று சொல்லி விசாரணையின்றி ஒருவரை முன்கூட்டியே அடைத்து வைக்க அனுமதிக்கும் சட்டம், நிறைவேறி, அவருடைய காவல் அதன் கீழ் புதுப்பிக்கப்பட்டது. அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். சட்டமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவைத்துவிட்டால் மட்டும் போதுமா, அது நியாயமான நடைமுறையாகவும் இருக்க வேண்டாமா என்பதே அவருடைய வாதத்தின் மையம்.

1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார்கள். சட்டம் சொன்னபடி பிடித்திருக்கிறார்களா என்று மட்டுமே பார்ப்போம், அந்தச் சட்டம் நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல என்பது அவர்களுடைய நிலை. நீதிபதி ஃபசல் அலி மட்டும் தனி வழி போனார். அடிப்படை உரிமைகள் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல, ஒன்றோடொன்று கலந்தவை என்று எழுதினார். அன்று அது சிறுபான்மைக் கருத்தாகவே நின்றது.

கோபாலன் தோற்றார். ஆனால் முற்றிலும் தோற்கவில்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொன்னது. அதை ஆறு நீதிபதிகளும் சேர்ந்து ரத்து செய்தார்கள். இன்று உங்கள் தம்பியின் வழக்கறிஞர் காவல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள காரணங்களை உயர் நீதிமன்றத்தில் வரிவரியாக எதிர்க்க முடிகிறது. அன்று அந்தப் பிரிவு விழாமல் இருந்திருந்தால் இந்த வாய்ப்பு இல்லை.

ஃபசல் அலி சொன்னதை ஏற்க நீதிமன்றத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1970-இல் வங்கிகள் தேசியமய வழக்கில் கோபாலன் தீர்ப்பின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் 'பொது நலன் கருதி' என்று சொல்லி முடக்கிய அரசு, காரணத்தைத் தர மறுத்தது. அந்த வழக்கில் 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காவலான அரசியல் சட்டப் பிரிவு 21 குறிப்பிடும் நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருந்தாக வேண்டும் என்றது. பின்னாளில் வந்த எத்தனையோ உரிமைகளுக்கு அதுதான் தாய்வேர்.

இனி உங்கள் தம்பியின் விஷயம். தடுப்புக் காவலை அரசியல் சட்டத்தின் பிரிவு 22 அனுமதிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் நடைமுறையில் உள்ள சட்டம் அதுதான். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, காவலில் வைத்த ஐந்து நாட்களுக்குள் காரணங்களைத் தர வேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில் தர வேண்டும். நீங்கள் உடனே செய்ய வேண்டியது, அரசுக்கு முறையீட்டு மனு அனுப்பிவிட்டு அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்துக்கொள்வது. அந்த மனுவைக் கவனிக்காமல் அரசு கிடப்பில் போட்டது, படிக்க முடியாத நகலைக் கொடுத்தது, மொழிபெயர்ப்பு தராதது போன்ற காரணங்களுக்காகவே சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் ஆட்கொணர்வு மனுக்களில் (காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனுக்கள்) ஏராளமான காவல் ஆணைகளை ரத்து செய்திருக்கின்றன. ஆகவே எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

இரவு பதினொரு மணிக்குச் சாதாரண உடையில் வந்தவர்கள் என் மகனை அழைத்துப் போனார்கள். எந்தக் காவல் நிலையம் என்று மறுநாள் மதியம்தான் தெரிந்தது. யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும்? – விழுப்புரம் வாசகி

அம்மா, நீங்கள் பட்ட பாடு புரிகிறது. கொல்கத்தாவில் சட்ட உதவி அமைப்பொன்றை நடத்திய டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து 1986-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பரில், பதினொரு கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது.

உங்களுக்குத் தேவையானவை இவை: கைது செய்ய வருபவர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாள அட்டையை அணிந்திருக்க வேண்டும். அந்த இடத்திலேயே கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தாரோ அக்கம்பக்கத்து மதிப்புக்குரியவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும். கேட்டால் மருத்துவப் பரிசோதனை செய்து, உடலில் உள்ள காயங்களைப் பதிவு செய்ய வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

இவற்றில் பெரும்பகுதி இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலேயே சேர்ந்துவிட்டது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது வழக்கமாகிவிடக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் எச்சரித்தது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று பண மோசடித் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கு 2023-இலும், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டக் கைதுகளுக்கு 2024-இலும் தீர்ப்பானது.

இவ்வளவும் இருந்தும், பாசு தீர்ப்பு வந்து ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. அதனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். நடுவர் முன் நிறுத்தும்போது உங்கள் வழக்கறிஞர் அங்கே இருக்கட்டும். "அடித்தார்களா?" என்று நடுவர் கேட்கும் அந்த ஒரு நிமிடம் ரிமாண்ட் விசாரணையின் உயிர். காயம் இருந்தால் மகன் வாய் திறந்து சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு 100 அல்லது 112-இல் அழைத்தால் அழைப்பு நேரத்துக்கும் ஒரு பதிவு உருவாகும். 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்தில் மனு கொடுங்கள்.

உச்ச நீதிமன்றமே தவறு செய்தது என்று சொல்லத்தக்க தீர்ப்பு உண்டா? – போட்டித் தேர்வு மாணவர், திருச்சி

உண்டு. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நால்வர் எழுதினார்கள். தனிப்பட்ட பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை உள்ளவரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். கன்னா மட்டுமே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் அவரை ஒதுக்கிவிட்டு இளையவரான எம்.எச். பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஜனதா ஆட்சிக் காலத்து 44-ஆவது திருத்தம், இனி எந்த நெருக்கடி நிலையிலும் பிரிவு 20-ஐயும் 21-ஐயும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. 2017-இல் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது ஜபல்பூர் தீர்ப்பும் செல்லாததாக்கப்பட்டது. அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை. தேர்வுக்குப் படிப்பவர் என்பதால் சொல்கிறேன்: பெரும்பான்மையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், கன்னாவின் பக்கங்களையும் படியுங்கள்.

செண்பகம் துரைராஜன் வழக்கு இட ஒதுக்கீட்டுக்கு வைத்த வேட்டு என்கிறார் எங்கள் ஆசிரியர். உண்மையா? – சேலம் வாசகர்

அன்றைக்கு அது வேட்டுதான். சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்துவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் வழக்குத் தொடர்ந்தார். அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன.

தமிழ்நாடு கொதித்தது. பெரியாரும் திராவிட இயக்கமும் வீதிக்கு வந்தார்கள். 1951 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பிரிவு 15(4) சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அங்கிருந்துதான் வருகிறது. சமத்துவத்தை எழுத்துக்கு எழுத்து படித்த நீதிமன்றத்துக்கு மக்கள் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதே என் எண்ணம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதே முதல் திருத்தம் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தையும் நுழைத்தது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு போட்ட தடையை 1950-இல் ரமேஷ் தாப்பர் வழக்கில் நீதிமன்றம் நீக்கியதற்கு அரசு கொடுத்த பதில் அது.

ஃபேஸ்புக்கில் அரசைக் கண்டித்து எழுதினேன். 'கலவரம் வரும், நீக்கு' என்று மிரட்டுகிறார்கள். – நாகர்கோவில் வாசகர்

கண்டிப்பது குற்றமல்ல. இணையத்தில் 'புண்படுத்தும்' செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிமன்றம் அடியோடு ரத்து செய்தது. விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும் வேறு. வன்முறைக்குத் தூண்டுவது வேறு. தூண்டுதல் என்ற எல்லையைத் தொட்டால்தான் அரசு கை வைக்கலாம். ரத்தான பிறகும் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டது தெரிந்து 2021-இல் நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. உங்கள் மீது அப்படிப் போட்டால் அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போங்கள்.

'கலவரம் வரும்' என்ற மிரட்டலுக்குப் பதில் நம் ஊர் வழக்கிலேயே இருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. எதிர்ப்புக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது, பேச்சுரிமையைக் காப்பது அதன் கடமை என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தியோ தனிமனிதரைப் பற்றிப் பொய்யாகவோ எழுதியிருந்தால், இந்தத் தீர்ப்புகள் துணைக்கு வரமாட்டா.

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் மாணவி, மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளி நீக்கலாமா? – ஆசிரியை, ஈரோடு

கூடாது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னார். மரியாதையாக எழுந்து நின்றார்கள், அது போதும்.

திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுக்கிறார்கள். – மதுரை வாசகர்

மறுக்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. தூத்துக்குடியில் கோயிலில் மணந்த இணையரின் வழக்கு அது. தீர்ப்பின் நகலோடு போங்கள்.

எல்லாம் சரி ஐயா, வழக்குப் போடக் காசு? – கையெழுத்தில்லாத அட்டை

டெல்லி திகார் சிறையில் சக கைதி ஒருவர் வதைக்கப்பட்டதைக் கண்ட சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அவரே மரண தண்டனைக் கைதி. கடிதம் மனுவாகி, கைதிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பாக வந்தது. பீகார் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக 1979-இல் வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு, இலவசச் சட்ட உதவியைப் பிரிவு 21-இன் பகுதியாக்கியது.

இன்று அதற்குச் சட்டமே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசி எண் 15100. அடுத்த முறை பெயரும் ஊரும் எழுதுங்கள், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.